பதினைந்தாவது படம்

திங்கட்கிழமை, காலை 7.10

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டியிருக்கும் தோல் தொழிற்சாலை. ஊர்க்காரர்கள் ஷாப்பு என்பார்கள். அதன் பின்கட்டில், கழிவுநீர்த் தொட்டிக்குள் ஜீவா குப்புறக் கிடந்தான். பம்பு போடப் போன ஆள்தான் முதலில் பார்த்தான். தொட்டியின் இரும்பு மூடி திறந்திருந்தது.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டி இறங்கி, கயிறு கட்டி உடம்பை மேலே கொண்டுவந்தபோது மணி 8.25. வயது இருபத்தெட்டு. சாய டிரம்மில் வேலை. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஊறிய முகத்தைப் பார்த்து யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. சட்டைப் பையில் இருந்த செல்போனின் சிவப்பு உறையைப் பார்த்துத்தான் சொன்னார்கள். போன் செத்துப்போயிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் நித்யஸ்ரீ உடம்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காலில் செருப்பு இல்லை. பேன்ட் இரண்டு காலிலும் முழங்காலுக்கு மேல் ஒரே அளவாய் மடித்துவிடப்பட்டிருந்தது.

"எப்ப செத்திருப்பான் டாக்டர்?"

"ஒரு நாள் ஆயிருக்கலாம், ரெண்டு நாளும் ஆயிருக்கலாம். இந்தத் தண்ணில கெடந்த உடம்புக்கு மணி சொல்லச் சொன்னீங்கன்னா நான் பொய்தான் சொல்லணும்."

சூப்பர்வைசர் கார்முகிலன் தானாகவே முன்னால் வந்தார். நாற்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, மூன்று நாள் தூங்காத கண்.

"நேத்து லீவு மேடம். ஒரு ஆளு உள்ள இல்ல. இவனுக்குப் போட்டோ பைத்தியம். ஏதோ ஆன்லைன் கேலரியாம், அதுக்கு மாசாமாசம் படம் அனுப்புவான், அவங்க மாசாமாசம் வேணாம்பாங்க. நேத்துதான் கடைசி நாளாம். வாட்ச்மேன் கிட்ட கெஞ்சி உள்ள வந்திருக்கான். மூடியத் தெறந்து எட்டிப் பாத்திருக்கான். கேஸ் அடிச்சு உள்ள போய்ட்டான்."

"பேன்ட்ட ஏன் மடிச்சிருக்கான்?"

"தரை ஈரமா இருந்திருக்கும்."

"லீவு நாள்ல?"

கார்முகிலன் சுவரோரக் குழாயைக் காட்டினார். "பைப்பு ஒழுவும் மேடம். பழைய பைப்பு."

வாட்ச்மேன் கன்னியப்பனுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

"எத்தினி மணிக்கு வந்தான்?"

"நாலு, நாலே கால்."

"எப்ப வெளிய போனான்?"

"போவல."

"தேடலியா?"

"செவுரு ஏறிப் போய்ட்டான்னு நெனச்சேன்."

"கேட்டத் தெறந்து விட்டவன் எதுக்குங்க செவுரு ஏறிப் போறான்?"

கன்னியப்பன் தரையைப் பார்த்தார்.

ஏட்டு நந்தகோபால் நோட்டுப் புத்தகத்தை மூடினார். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு. "தொட்டி வேலைக்கு ஆள எறக்கியிருந்தா ஷாப்புக்குப் பூட்டு, மேலதிகாரிக்கு ஜெயிலு. லீவு நாள்ல தானா வந்து வுழுந்தான்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் எது தோதோ அதத்தான் சொல்லுவாங்க மேடம்."

"அவன் பொண்டாட்டிக்கு எது தோது ஏட்டய்யா?"

அவர் நோட்டை மறுபடியும் திறந்தார்.

திங்கட்கிழமை, பிற்பகல் 2.40

சங்கீதாவுக்கு ஏழு மாதம். குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்தவள், அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். பிணவறை வாசலில் அழுது முடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள்.

"கூத்து பாக்கப் போய் செத்தவன் மாதிரி பேசறாங்க மேடம். அங்க நின்னவன்லாம் போட்டோ புடிக்கப் போய் செத்தான்னுதான் சொல்றான். இந்தக் கொழந்த நாளைக்கு அப்பா எப்பிடி செத்தாருன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

"கடைசியா எப்ப பேசினீங்க?"

"சனிக்கிழம காலைல எட்டு மணிக்கு. சாயங்காலம் போன் போட்டேன், எடுக்கல. ராத்திரி மெசேஜ் வந்துச்சு."

காட்டினாள். 'படம் எடுக்க போறேன். திங்கள் பேசறேன்.'

"அவரு டைப் பண்ண மாட்டாரு மேடம். எப்பவும் வாய்ல பேசித்தான் அனுப்புவாரு. விரல் தோலெல்லாம் உரிஞ்சி கெடக்கும், எழுத்து சரியா வுழாது. கைரேகை வெச்சாக்கூட போன் தெறக்காது அவருக்கு. கோடு போட்டுத்தான் தெறப்பாரு."

"அந்தக் கோடு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அப்புறம் அவரு கூட டிரம்முல நிக்கிறவங்களுக்குத் தெரியும். கை சாயமா இருக்கறப்ப போன் வந்தா பக்கத்துல இருக்கறவன்தான் தெறந்து காதுல வெப்பான். ஷாப்புல எல்லாரும் அப்பிடித்தான்."

கேலரியின் பெயர் வெளிச்சப்பலகை. யார் வேண்டுமானாலும் மாதம் ஒரு படம் அனுப்பலாம். ஆயிரக்கணக்கில் வரும். பன்னிரண்டுதான் எடுப்பார்கள். ஜீவாவுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் சங்கீதாவின் முகவரியைக் கொடுத்திருந்தான். எல்லாப் பதிலும் அவளுடைய போனுக்குத்தான் வந்திருந்தது. பதினான்கு படம், பதினான்கு மறுப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி.

'உங்கள் படம் இம்முறை தேர்வாகவில்லை. பின்னணியைக் கவனியுங்கள்.'

'தேர்வாகவில்லை. நீங்கள் பார்ப்பது ஒன்று, படத்தில் இருப்பது வேறு.'

நான்காவது மட்டும் வேறு மாதிரி. 'படம் எடுத்த நாள் தவறாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. விதிப்படி நீக்கப்படுகிறது.'

"அதுக்கு மூணு நாள் சோறு துண்ணல. அந்த மாசத்துப் படந்தான் அனுப்பணும், தேதி சரியா போடணும். இவரு பழச அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் தேதிய ரெண்டு தரம் படிச்சுப் பாத்துத்தான் அனுப்புவாரு."

"பதினஞ்சாவது?"

அதுவும் இருந்தது. பெற்றுக்கொண்டோம் என்று தானாக வரும் கடிதம். அனுப்பிய நேரம் ஞாயிறு மாலை 5.05. எடுத்த நாள் ஞாயிறு. கீழே படம்.

நந்தகோபால் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அஞ்சு மணிக்கு உசுரோட இருந்திருக்கான். சூப்பர்வைசர் சொன்னது சரிதான் போல."

நித்யஸ்ரீ போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். நடுவில் தொட்டி. மூடி திறந்திருந்தது, உள்ளே கறுப்பு. தொட்டியின் விளிம்பில் ஒரு சுருள் கயிறு. பின்னால் கொட்டகை, அதில் கழிகள், கழிகளில் அடர்நீலத் தோல்கள் வரிசையாய்த் தொங்கின. தோல்களின் கீழ் ஓரம் மட்டும் கருத்திருந்தது. வெயில் அவற்றின் ஊடே வந்து தொட்டியின் வாயில் விழுந்திருந்தது. நல்ல படம்.

"இத எனக்கு அனுப்பும்மா," என்றாள்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.15

எட்டுத் தொழிலாளிகளை விசாரித்தாள். எட்டுப் பேரும் ஒரே மாதிரி பேசினார்கள். சனிக்கிழமை ஜீவா வேலைக்கு வந்தானா? வந்தான். மதியத்துக்கு மேல் இருந்தானா? கவனிக்கல மேடம். தொட்டியை யாராவது திறந்தார்களா? தெரியாது மேடம். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லாரும் முன்கட்டுக்குப் போய்விடுவார்கள், பின்கட்டில் என்ன நடந்தாலும் தெரியாது. இதை எட்டாவது ஆள் கேட்காமலேயே சொன்னான்.

ஒன்பதாவது ஜான்சன். ஜீவாவோடு ஒரே டிரம்மில் ஆறு வருடம். அவனும் படம் எடுப்பவன். இருவரும் ஒன்றாகத்தான் கேலரிக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஜான்சன் ஐந்தோடு நிறுத்திக்கொண்டான்.

"ஏன் நிறுத்தின?"

"நமக்கெல்லாம் தர மாட்டாங்க மேடம். மாட்டுத் தோல மட்டும் நம்ம கிட்டேந்து வாங்கிப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ஜீவா எப்பிடிப்பட்ட ஆளு?"

"மொக்க போடுவான் மேடம். வெளிச்சம், நெழலுன்னு டிரம்மு சுத்துற சத்தத்துல கத்திக்கினே இருப்பான். மூடுடா மச்சான்னு சொன்னா இன்னும் ஜாஸ்தியா பேசுவான்." உதடு கோணியது. "தோஸ்த்து மேடம்."

"அவன் போன் கோடு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"ஞாயித்துக்கிழம எங்க இருந்த?"

"சர்ச்சுக்குப் போனேன். அப்புறம் வூட்ல."

வெளியே வரும்போது டிரம் கூடத்துச் சுவரில் சாய நோட்டு தொங்கியது. எந்த நாள் எந்த டிரம்மில் என்ன நிறம் ஓடியது என்று எழுதும் நோட்டு. நித்யஸ்ரீ பின்னோக்கிப் புரட்டினாள். கார்முகிலன் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. அந்த நோட்டில் பயப்பட எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை, காலை 11.30

அதே தொழிற்சாலை, அதே கொட்டகை. கழிகளில் பழுப்புத் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. கார்முகிலன், கன்னியப்பன், ஜான்சன் மூவரையும் நிற்கவைத்து, பெரிதாய் அச்சடித்த படத்தை நித்யஸ்ரீ ஒரு மர மேஜையில் வைத்தாள்.

"சார், இதுல இன்னா தெரியுது?"

"தொட்டி," என்றார் கார்முகிலன்.

"அப்புறம்?"

"மூடி தெறந்திருக்கு. அவன்தான் தெறந்திருக்கான். இதத்தான மேடம் நான் மொதல்லேந்து சொல்றேன்."

"அப்புறம்?"

அவர் குனிந்து பார்த்தார். "கயிறு."

"அப்புறம்?"

"வேற ஒண்ணும் இல்லியே."

"பெரியவரே?"

கன்னியப்பனும் பார்த்தார். "தொட்டிதாம்மா."

"ஜான்சன்?"

ஜான்சன் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி தலையாட்டினான்.

"நாப்பது தோலு தொங்குது," என்றாள் நித்யஸ்ரீ. "படத்துல பாதி தோலுதான். மூணு பேரும் சேந்து இந்த ஷாப்புல நாப்பத்தஞ்சு வருசம் இருந்திருக்கீங்க, ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. தெனம் பாக்கறது இல்லியா."

கார்முகிலனின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"எங்கம்மா வாணியம்பாடி ஷாப்புல பத்தொம்பது வருசம் தோலு மாட்டுனா. சனிக்கிழமன்னா மட்டும் லேட்டா வருவா. ஏன்னா சனிக்கிழம சாயங்காலம் ஒரு தோலு கழியில இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழம எறக்க ஆள் கெடையாது. வெயில்ல விட்டா அப்பளமா நிக்கும், மடிச்சா ஒடையும். அத்தனையும் எறக்கி, அடுக்கி, சாக்கு போட்டு மூடிட்டுத்தான் கேட்ட வுட்டு வெளில வுடுவாங்க. லீவு நாள்ல தோலு தொங்குற ஷாப்பு இந்த ஜில்லாவுலயே கெடையாது. இதுல தொங்குது. கீழ் ஓரம் இன்னும் காயல. மாட்டி ஒரு மணி நேரங்கூட ஆவல."

நந்தகோபால் சாய நோட்டை நீட்டினார்.

"நீலம். இந்த மாசத்துலயே ஒரு நாள்தான் ஓடியிருக்கு. சனிக்கிழம காலைல. பத்தே முக்காலுக்கு டிரம்ம எறக்கியிருக்கீங்க, உங்க கையெழுத்து இருக்கு சார். அப்போ இந்தப் படம் சனிக்கிழம பதினொண்ணே முக்கால் வாக்குல எடுத்தது. தொட்டிய யாராவது தெறந்தாங்களான்னு கேட்டதுக்கு ஷாப்பே தெரியாதுன்னுச்சே, அந்த சனிக்கிழமதான். மூடி தெறந்திருக்கு. எறங்கக் கயிறு வெச்சிருக்கு. எறங்கறதுக்கு முன்னாடி நின்னு ஒரு படம் எடுத்திருக்கான். அப்புறம் செருப்பக் கழட்டி, பேன்ட்ட மடிச்சு, போன ஒருத்தன் கைல குடுத்துட்டு எறங்கியிருக்கான். வேலைக்கு எறங்கறவன்தான் சார் பேன்ட்ட மடிப்பான். படம் புடிக்க வர்றவன் மடிக்க மாட்டான்."

"அது அவன் எப்பவோ எடுத்த படமா இருக்கலாம்," என்றார் கார்முகிலன். "ஞாயித்துக்கிழம அனுப்பியிருக்கலாம்."

"அனுப்பலாம். ஆனா எடுத்த நாள் ஞாயிறுன்னு போட மாட்டான். தேதி தப்பானதுக்கு ஒரு தடவ அடிபட்டவன் அவன். ஞாயிறுன்னு போட்டது ஞாயிறு தேவப்பட்டவன். தொட்டி இருக்கற படமா அவன் போன்ல தேடி எடுத்திருக்கீங்க. பின்னாடி இருக்கறத யாரும் பாக்கல. அனுப்பின கை யாரோடதுன்னா, கோடு தெரிஞ்ச கை. ஜீவா எறங்கறப்ப எந்தக் கைல போனக் குடுத்தானோ அந்தக் கை."

அவள் ஜான்சன் பக்கம் திரும்பினாள்.

ஜான்சன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பம்பு அடச்சிக்கிச்சு மேடம். தோலு ஜவ்வு போய் சுத்திக்கிச்சு. திங்கக்கிழம செக்கிங்குக்கு ஆபீசருங்க வர்றாங்க, இப்பவே எடுக்கணும்னாரு இவரு. மெஷினு ஆளு வர லேட்டாவும்னாரு. எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு யாரு எறங்கறீங்கன்னாரு. எனக்கு ஆஸ்துமா இருக்குது. அவன் நான் எறங்கறேன்டான்னான். படம் ஒண்ணு கெடச்சிருச்சு மச்சான், இந்த வாட்டி எடுத்துப்பாங்கன்னு சொல்லிக்கினே போனக் குடுத்தான். கயித்தப் புடிச்சி நாலு படி எறங்கினான். அவ்ளோதான். கத்தக்கூட இல்ல."

"நீ இன்னா பண்ண?"

"போவப் பாத்தேன். இவரு இடுப்பக் கட்டிப் புடிச்சிக்கினாரு. நீயும் போனா ரெண்டு பொணம்டான்னாரு."

"அது பொய்யில்ல," என்றார் கார்முகிலன். யாரிடமும் இல்லாமல் சொன்னார். "தெய்வத்துக்குப் பொதுவா அது பொய்யில்ல. ஆம்புலன்சக் கூப்புட போன எடுத்தேன். கூப்ட்டா சாயங்காலத்துக்குள்ள சீல் வெப்பாங்க. நூத்தறுவது பேரு. செத்தவன் செத்துட்டான்."

"செத்துட்டான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நிமிசம் நின்னீங்க சார்? மூடிய எப்ப போட்டீங்க?"

"சாப்பாடு முடிஞ்ச மணி அடிக்கறதுக்கு முன்னாடி," என்றான் ஜான்சன் தரையிலிருந்து. "ஆளுங்க திரும்பி வர்றதுக்கு முன்னாடி போட்டாரு. நானும் ஒரு பக்கம் புடிச்சேன்."

கொட்டகையில் தோல்கள் ஒன்றோடொன்று உரசின.

"சங்கீதாவுக்கு மெசேஜு நான்தான் போட்டேன். ஞாயித்துக்கிழம இவரு வரச் சொன்னாரு. மூடியத் தெறந்து வெச்சோம். தொட்டி இருக்கற படத்த அந்தக் கேலரிக்கு அனுப்பு, இன்னைக்குத் தேதி போடுன்னாரு. அனுப்பினேன். அப்புறம் நீளக் கொக்கி போட்டு அவன ஓரமா இழுத்து, போன அவன் பாக்கெட்ல…" புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "தேதியத்தான் மேடம் அவரு சொல்லிப் போட்டேன். படத்த அவரு சொல்லாட்டியும் அனுப்பியிருப்பேன். அன்னைக்குத்தான் கடைசி நாளு."

பகல் 12.20க்கு கார்முகிலன் கைது செய்யப்பட்டார். குற்றத்தை மறைத்ததற்காக ஜான்சன், பொய் சொன்னதற்காகக் கன்னியப்பன். மூன்று மணிக்கு அதிகாரிகள் வந்து கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். சுவரோரம் தூக்குவாளிகளோடு நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள். ஜீப்பில் ஏறப்போன நித்யஸ்ரீயின் எதிரே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். முழங்கை வரை இன்னும் போகாத நீலச் சாயம்.

"நீ தோலு மாட்டுனவ பொண்ணாமே?"

"ஆமாம்மா."

"கண்டுபுடிச்சிட்ட. நல்லா இரு. நாளைக்கு நான் எங்க போவட்டும், அதயும் கண்டுபுடிச்சி சொல்லு."

நித்யஸ்ரீ ஜீப்பில் ஏறினாள்.

வியாழக்கிழமை, பகல் 1.50

சங்கீதா தனியாகத்தான் வந்தாள். அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. போனை மேஜைமேல் வைத்து நித்யஸ்ரீயின் பக்கம் திருப்பினாள்.

"எடுத்துக்கினாங்க மேடம்."

வெளிச்சப்பலகையிலிருந்து வந்த கடிதம். இரண்டு வரி இல்லை, நீளமாய் இருந்தது. 'இம்மாதத்தின் பன்னிரண்டு படங்களில் உங்களுடையதும் ஒன்று. தொட்டியைச் சுற்றித் தொங்கும் தோல்களும் அவற்றினூடே இறங்கும் ஒளியும் எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தன. கீழுள்ள விவரங்கள் சரி என்று இன்று மாலைக்குள் உறுதி செய்யவும்.' கீழே அவன் பெயர், ஊர், எடுத்த நாள் ஞாயிறு. இரண்டு பொத்தான். சரி. திருத்து.

நந்தகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரின்னு அழுத்தினா?" என்று கேட்டாள் சங்கீதா.

"படம் வரும்," என்றாள் நித்யஸ்ரீ. "உலகம் பூராவும் பாக்கும். கோர்ட்ல அவங்க வக்கீலும் பாப்பாரு. சம்சாரமே ஞாயித்துக்கிழமைன்னு ஒத்துக்கினாங்கன்னு எடுத்துக் காட்டுவாரு."

"திருத்துனா?"

"விதி உனக்கே தெரியும். தேதி தப்பா போட்டு அனுப்புன படத்த நீக்கிடுவாங்க."

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு லாரி உப்புத் தோல் ஏற்றிக்கொண்டு போனது. நாற்றம் உள்ளே வந்து நின்றது.

"கேஸு எத்தினி வருசம் ஆவும்?"

"ஏழெட்டு."

"ஜெயிக்குமா?"

நித்யஸ்ரீ பொய் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. "தெரியாது. சாட்சின்னு ஜான்சன் ஒருத்தன்தான். அவனும் வெளில வந்தா இந்த ஊர்லதான் வேலைக்குப் போயாவணும். அவன் மாறிட்டா இந்தப் படமும் சாய நோட்டும்தான் மிச்சம்."

சங்கீதா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தோல்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றாய் நகர்த்திப் பார்த்தாள்.

"பதினஞ்சு மாசம் மேடம். கட்டுன நாள்லேந்து இதே பேச்சு. ஒரு தடவ வந்துட்டாப் போதும் சங்கீதா, அப்புறம் அனுப்பவே மாட்டேன்னு சொல்லுவாரு."

படத்தை மறுபடியும் சிறிதாக்கினாள்.

"சனிக்கிழம எத்தினி மணின்னு சொன்னீங்க?"

"பதினொண்ணே முக்கால்."

அவள் திருத்து என்பதை அழுத்தினாள். நாளை மாற்றினாள், மணியைப் போட்டாள். அடியில் ஒரு கட்டம் திறந்தது. 'திருத்தத்திற்கான காரணம்.' கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாய்த் தேடி அடித்தாள்.

'அவர் வேலையில் இருந்தார்.'

அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் பதில் வந்த சத்தம் கேட்டது. அவள் திறந்து பார்க்கவில்லை. மேஜையைப் பிடித்து எழுந்து, குடியாத்தம் பஸ் எத்தனை மணிக்கு என்று நந்தகோபாலிடம் கேட்டாள்.